'திடீர் பள்ளம்' என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜார்க்கண்டின் ஜரியாவிலோ மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சிலோ நிலம் உள்வாங்கினால் தமிழ் நாளிதழ்களில் அது மூன்று வரிச் செய்தி. அந்த மூன்று வரிக்குள் 'திடீர் பள்ளம்' என்ற சொல் தவறாமல் வந்துவிடும். நகரச் சாலையில் பாதாளச் சாக்கடைக் குழாய் உடைந்து விழும் குழிக்கும் இதே சொல், பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் மேலிருந்த வீடு மண்ணுக்குள் இறங்குவதற்கும் இதே சொல். யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத ஏதோ நடந்துவிட்டது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பெரும்பாலான இடங்களில் அது உண்மையில்லை. எங்கே சொல்ல முடியும், எங்கே முடியாது, அளப்பதில் எங்கே கோட்டை விடுகிறோம் என்பதைக் கொஞ்சம் விவரமாக எழுத இடம் கேட்கிறோம்.

தமிழ் வாசகருக்குச் சுரங்கம் என்றதும் நெய்வேலி நினைவுக்கு வரும். அது மேல்மண்ணை அகற்றிவிட்டு எடுக்கும் திறந்தவெளிச் சுரங்கம்; இந்தக் கடிதத்தில் பேசுவது மேலே ஊர் இருக்க, அடியில் குடைந்து எடுத்த சுரங்கங்களைப் பற்றி.

நிலக்கரியை முழுவதுமாக எடுத்து, பின்னால் கூரையை இடிந்து விழவிடும் முறை ஒன்று உண்டு. இடிந்து கிடக்கும் அந்த இடத்தைச் சுரங்கத்தில் 'கோஃப்' என்பார்கள். இதன் மேல் நிலம் அகலமான தாம்பாளம்போல இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை வெட்டும் முன்பே ஓரளவு கணக்கிடலாம். போதிய அகலத்துக்கு எடுத்தால், எடுத்த கனத்தில் பாதிக்குச் சற்று மேல், சில இடங்களில் 60 சதவீதத்தை ஒட்டி மேலே தெரியும். 3 மீட்டர் கனமுள்ள நிலக்கரி அடுக்கை (சீம்) எடுத்தால் நடுவில் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய இடத்துக்கு நேர் மேலே மட்டுமல்ல, அதைச் சுற்றியும் இறங்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. வெட்டின் விளிம்பில் நிறுத்திய செங்குத்துக் கோட்டிலிருந்து அசைவு எவ்வளவு வெளியே சாய்ந்து பரவுகிறது என்பதுதான் பரவு கோணம்; பிரிட்டிஷ் சுரங்கங்களில் அதை வழக்கமாக 35 டிகிரி என்று கொள்வார்கள். அந்தக் கணக்கில் 200 மீட்டர் ஆழத்தில் வெட்டினால், வெட்டின் விளிம்பிலிருந்து 140 மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டின் அடி மண்ணும் அசையும். நிலக்கரிக்கு மேலிருக்கும் நம்முடைய மணற்கல் கடினமானது; கோணம் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே வருகிறது. ஆனாலும் அளப்பதற்கு முளைகள் நட்ட கோட்டை 35 டிகிரிக்கு நீட்டி வைப்பதே நல்லது. கோடு குட்டையாகிவிட்டால் கடைசி முளையும் அசையும். அசையாத முளை ஒன்றும் இல்லாத கோட்டை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

மணற்கல் கடினமானது என்பதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. கூரை உடனே இடியாமல் பெரிய பரப்புக்கு அந்தரத்தில் தொங்கும். மேலே வாரா வாரம் லெவல் எடுப்பவரின், அதாவது தரையின் உயரத்தை அளப்பவரின், புத்தகத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பிறகு ஒரே வாரத்தில் அரை மீட்டர் இறங்கும். அந்தப் பூஜ்யங்களைப் பார்த்து 'பாதிப்பில்லை' என்று அறிக்கை எழுதுவதுதான் பெரிய தவறு. கீழே எத்தனை சதுர மீட்டர் எடுத்தாகிவிட்டது, கூரை விழுந்ததா இல்லையா என்ற கணக்கை அதே தாளில் பக்கத்தில் எழுதினால், பூஜ்யம் நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரிந்துவிடும்.

லெவல் எடுப்பது பழைய வேலை. ஆனால் அதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. வெட்டும் பகுதியின் நீளவாக்கில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. முளைகளுக்கு நடுவே ஆழத்தில் இருபதில் ஒரு பங்கு இடைவெளி: 200 மீட்டர் ஆழத்துக்கு 10 மீட்டருக்கு ஒரு முளை. முளை என்பது தரையில் அடித்த ஆணி அல்ல. முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் இரும்புக் கம்பியைக் குழிக்குள் கான்கிரீட்டில் நிறுத்தி, தலையைக் குமிழ்போல் உருட்டி வைக்க வேண்டும். முளையின் மேல் நிறுத்தும் அளவுகோலின் (ஸ்டாஃப்) அடி எப்போதும் அந்த ஒரே உச்சியில் உட்காரும். தலை தட்டையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் சும்மாவே மாறும். களிமண்ணில் ஆழம் போதாவிட்டால் மழைக்கு மண் உப்பி முளையைத் தூக்கும், வெயிலுக்கு இறக்கும். முளையில் மாடு கட்டுவது, டிராக்டர் ஏறுவது, பழைய இரும்புக்காகப் பிடுங்கிப் போவது எல்லாம் அன்றாடம் நடப்பவை. ஆகவே கான்கிரீட்டைத் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, மூடி போடுவது நல்லது.

அடுத்தது பிழைக் கணக்கு. சாதாரண லெவலிங்கில் புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து மூடும்போது அனுமதிக்கும் பிழை, கிலோமீட்டரின் வர்க்கமூலத்தை 12ஆல் பெருக்கினால் வரும் மில்லிமீட்டர். 2 கிலோமீட்டர் சுற்றுக்கு 17 மில்லிமீட்டர். இந்தத் தரத்தில் எடுத்துவிட்டு '3 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது' என்று அறிக்கை எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. துல்லிய லெவலிங்கில் 12க்குப் பதில் 4. அப்போது அதே சுற்றுக்கு 6 மில்லிமீட்டருக்குள் மூட வேண்டும். நாடாவிலும் இதே கதை. 30 மீட்டர் எஃகு நாடா, காலைக்கும் மதியத்துக்கும் 10 டிகிரி வெப்ப வேறுபாட்டில் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். ஜனவரிக் காலையில் அளந்த தூரத்தை மே மாத மதியத்தோடு ஒப்பிட்டுவிட்டு, பூமி சுருங்கியதாக எழுதிவைத்த தாள்கள் உண்டு.

இறங்குவது மட்டும் வீட்டை உடைப்பதில்லை. ஊரே ஒரு மீட்டர் சமமாக இறங்கினால் சுவரில் கீறல்கூட விழாது. தாம்பாளத்தின் விளிம்பில் மண் இழுபடுகிறதே, அதுதான் உடைக்கிறது. பிரிட்டன் தேசிய நிலக்கரி வாரியத்தின் அட்டவணைப்படி கட்டடத்தின் நீளம் 3 சென்டிமீட்டர்வரை மாறினால் மயிரிழைக் கீறல். 6 முதல் 12 வரை கண்ணுக்குத் தெரியும் சேதம், கதவு ஜன்னல் இறுகும். 18ஐத் தாண்டினால் இடித்துக் கட்ட வேண்டியதுதான். இப்போது ஒரே இழுவிசையை, அதாவது மீட்டருக்கு 3 மில்லிமீட்டரை, இரண்டு கட்டடங்களில் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் வீட்டுக்கு 3 சென்டிமீட்டர். பக்கத்தில் ஒரே தொடராகக் கட்டிய 60 மீட்டர் பள்ளிக்கூடத்துக்கு 18 சென்டிமீட்டர். வீடு தப்பும், பள்ளிக்கூடம் பிளக்கும். நிலக்கரி வயலில் நீளக் கட்டடத்தைத் துண்டு துண்டாக, நடுவே இடைவெளி விட்டுக் கட்டச் சொல்வதன் காரணம் இதுதான்.

இதுவரை சொன்னது கணக்குக்கு அடங்கும் சங்கதி. ஜரியாவிலும் ராணிகஞ்சிலும் ஆளை விழுங்கும் குழி வேறு வகை. 1971-73இல் தேசியமயமாகும் முன் தனியார்கள் ஆழம் குறைந்த சீம்களை, நிலக்கரியையே தூண்களாக விட்டு, நடுவே பாதை பாதையாகக் குடைந்தார்கள். அந்தத் தூண்கள் நிற்கும்வரை மேலே ஒரு மில்லிமீட்டரும் அசையாது.

தூண் எப்படித் தோற்கிறது என்பதை எண்ணில் பார்த்தால் புரியும். நம் நிலக்கரிச் சுரங்க விதிகளில் தூணின் அளவுக்கு அட்டவணை உண்டு. 60 மீட்டர் ஆழத்துக்குள், 4.8 மீட்டர் அகலப் பாதை வெட்டினால், ஒரு தூணின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம்வரை குறைந்தது 19.5 மீட்டர். அப்படியானால் திடமான தூண் பக்கத்துக்கு 14.7 மீட்டர். மேலே 60 மீட்டர் பாறையின் பாரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 டன். பாதையின் பங்கையும் தூணே தாங்குவதால் தூணின் மேல் சதுர மீட்டருக்கு 264 டன். இப்போது யாரோ பழைய பாதைக்குள் புகுந்து ஒவ்வொரு பக்கமும் 2 மீட்டர் செதுக்கி எடுக்கிறார்கள். தூண் 10.7 மீட்டராகிறது. பாரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 டன். பாரம் இரட்டிக்கும்போது தூண் ஒல்லியாகவும் ஆகிவிட்டது. திருட்டு நிலக்கரி எடுக்கும் இடங்களில் மேலே வீடு இறங்குவதற்கு இதைவிட வேறு மர்மம் தேவையில்லை.

தூண் நின்றாலும் பாதையின் கூரை உதிரலாம். உதிர்ந்த கல் நொறுங்கிப் பெருக்கும். ஒரு கனமீட்டர் பாறை 1.3 கனமீட்டர் இடத்தை அடைக்கும். 3 மீட்டர் உயரப் பாதையில், நேர் மேலாக மட்டும் உதிர்ந்தால் 10 மீட்டர் ஏறியதும் இடிபாடே வெற்றிடத்தை அடைத்து நின்றுவிடும். அப்படியானால் 25 மீட்டர் ஆழத்திலிருந்து குழி எப்படி மேலே வருகிறது? உதிர்ந்த கல் நாற்சந்தியில் நான்கு பக்கமும் சரிந்து ஓடுகிறது. மழைத் தண்ணீர் அதை அடித்துக்கொண்டும் போகிறது. அடைபட வேண்டிய இடம் அடைபடாமல் புகைபோக்கிபோல ஓட்டை மேலே ஏறுகிறது. எனவே குழிகள் பெரும்பாலும் பாதைகள் சந்திக்கும் இடத்துக்கு மேலே, ஆழம் குறைந்த பகுதியில், மழைக்காலத்தில் விழுகின்றன. பழைய வரைபடம் கையில் இருந்தால் அந்தச் சந்திகளை ஊரின் மேல் புள்ளி புள்ளியாகக் குறித்துவிடலாம். எந்த நாள் என்று சொல்ல முடியாது. எந்த இடம் என்று சொல்லலாம். 'திடீர்' என்ற சொல்லோடு எங்கள் சண்டை அங்கேதான்.

இந்தக் குழியை லெவல் புத்தகம் காட்டாது. கடைசி சில மீட்டர் வரும்வரை மேலே அசைவே இருக்காது. இங்கே துளையிட்டுத்தான் பார்க்க வேண்டும்: துரப்பணம் திடீரென்று கீழே நழுவுவது, ஊற்றிய தண்ணீர் திரும்பி வராமல் போவது இரண்டும் வெற்றிடத்தின் அடையாளம். துளைக்குள் கேமரா இறக்கலாம். தரை ஊடுருவும் ராடாரைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஈரக் களிமண்ணில் அது சில மீட்டருக்கு மேல் போகாது. துளையில் ஒரு குழாயை நிறுத்தி நீர்மட்டம் அளப்பது செலவு குறைந்தது, பயனோ அதிகம். நீர் நிறைந்த பழைய சுரங்கத்தில் அந்த நீரே கூரையை ஓரளவு தாங்கிக்கொண்டிருக்கும். பக்கத்துச் சுரங்கத்துக்காக அதை அவசரமாக இறைத்தால் தாங்கல் போய்விடும். குழிகள் வரிசையாக விழும்.

விழுந்த குழியை மூடுவதிலும் அரைகுறை வேலைதான் நடக்கிறது. லாரியில் சாம்பலும் குப்பையும் கொட்டி ரோலர் ஓட்டினால் அடுத்த மழைக்கு அது கீழே போகும்; அடியில் பாதை காலியாகவே இருக்கிறது. சுற்றுப்புறம் தோண்டி உறுதியான மண் வந்த பிறகு, அடியில் பெரிய பாறை, அதன் மேல் சிறிய கல், பிறகு சரளை, மேலே களிமண் இடித்து, நடுவில் சற்று மேடாக விட வேண்டும். நிலையான தீர்வு துளை வழியாக மணலும் தண்ணீரும் கலந்து பாதைக்குள் இறக்குவது. ஒரே துளையில் எல்லாவற்றையும் இறக்கினால் மணல் கூம்பாக எழுந்து துளையின் வாயை அடைத்துவிடும். சில மீட்டர் தள்ளித் தள்ளிப் பல துளைகள் வேண்டும். மணல் நிரப்பிய இடத்தில் நிலம் இறங்குவது எடுத்த கனத்தில் 5 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும். இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. மணல் நிரப்புவதற்கென்றே இந்தியாவில் 1939இல் சட்டம் வந்தது.

ஜரியாவில் இத்தனைக்கும் மேல் நெருப்பு. 1916இல் முதலில் கண்டறியப்பட்டது, இன்னும் எரிகிறது. தூணே எரிந்து போகும்போது மேலே சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது. வெப்பப் படம் எடுப்பவர்கள் விடியலுக்கு முன் எடுக்க வேண்டும். பகலில் வெயிலில் காய்ந்த பாறையும் எரியும் சீமும் ஒரே நிறத்தில் தெரியும்.

செயற்கைக்கோள் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராடார் செயற்கைக்கோள் ஒரே இடத்தை 12 நாளுக்கு ஒருமுறை பார்த்து, திரும்பி வரும் அலையின் ஏற்ற இறக்க நிலை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதிலிருந்து அசைவைக் கணக்கிடுகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 பயன்படுத்தும் அலைநீளம் 5.6 சென்டிமீட்டர். படத்தில் ஒரு முழு நிறச்சுற்று என்பது 2.8 சென்டிமீட்டர் அசைவு. மெதுவாக இறங்கும் ஊருக்கு இது அருமையான கருவி; மாநிலம் முழுவதையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் 12 நாளில் அரை மீட்டர் இறங்கும் இடத்தில் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எண்ண முடியாமல் போய்விடும். படம் அங்கே குறைத்துக் காட்டும் அல்லது வெறும் புள்ளிக்கோலமாகும். படத்தின் ஒரு கட்டம் (பிக்சல்) தரையில் 5 மீட்டருக்கு 20 மீட்டர்; 3 மீட்டர் குழி அதில் தெரியாது. வடக்கு-தெற்காக நகர்ந்தால் அநேகமாகக் கண்ணில் படாது. காடும் பயிரும் சிதறடிக்கும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய-அமெரிக்க ராடார் செயற்கைக்கோள் நைசார், ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் அலையையும் பயன்படுத்துவதால் செடிகொடிகளைத் தாண்டிப் பார்க்கும், வேகமான இறக்கத்தையும் தாங்கும். அதற்குத் துணையாக ஊரில் சில இடங்களில் ராடார் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும் அலுமினிய முக்கோண மூலைத் தட்டிகளை நிறுத்தினால் நல்லது. அடியில் மழைநீர் வடிய ஓட்டை போட மறந்துவிடக் கூடாது.

மலையடியில் சுரங்கம் என்றால் ஆபத்து பக்கவாட்டில் வரும். 1903 ஏப்ரல் 29 விடியற்காலை 4.10க்கு கனடாவின் ஆல்பர்ட்டாவில் டர்ட்டில் மலையிலிருந்து சுமார் 3 கோடி கனமீட்டர் சுண்ணாம்புப் பாறை ஃபிராங்க் என்ற ஊரின் மேல் ஏறத்தாழ 100 விநாடியில் சரிந்தது. 70 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். மலையின் அமைப்பே நிலையற்றது. பனி உருகி வெடிப்பில் இறங்கியது. அடியில் நிலக்கரி எடுத்தது மூன்றாவது காரணம். மாதக்கணக்கில் சுரங்கத்துக்குள் மரமுட்டுகள் நசுங்கிக்கொண்டிருந்தன, நிலக்கரி தானாக உதிர்ந்து விழுந்துகொண்டிருந்தது. எடுக்கச் சுலபம் என்று அதை லாபமாகப் பார்த்தார்கள். அந்த மலையின் தென் உச்சியில் வெடிப்பு அளவிகளும் சாய்வு அளவிகளும் ராடாரும் வைத்து ஆல்பர்ட்டா புவியியல் துறை பின்னாளில் கவனித்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 28 அன்று சீனாவின் குய்சோவில், அடியில் நிலக்கரி எடுத்த பாறைச்சரிவு பூசா கிராமத்தின் மேல் விழுந்தது. அங்கும் உச்சியில் வெடிப்புகள் முன்பே திறந்திருந்தன.

மலை உச்சியில் வெடிப்பு கண்டால் முதல் வேலை தண்ணீரைத் தடுப்பது. 5 மீட்டர் ஆழ வெடிப்பு முழுக்க நீர் நின்றால் அதன் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் பன்னிரண்டரை டன் பக்கவாட்டுத் தள்ளல். 10 மீட்டர் ஆழமானால் 50 டன். ஆழம் இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்கு. வெடிப்பின் வாயை அகட்டி, களிமண்ணைப் பதினைந்து இருபது சென்டிமீட்டர் அடுக்காக இடித்து, மேல்பக்கம் ஒரு வடிகால் வெட்டலாம். பிறகு வெடிப்பின் இரு கரையிலும் முளை அடித்து அளக்கலாம். ஒரு கரையில் ஒன்று, மறுகரையில் இரண்டு என்று முக்கோணமாக அடித்தால் திறக்கிறதா, நழுவுகிறதா என்பதும் தெரியும்.

அளந்ததை என்ன செய்வது? நாளுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற வேகத்தைத் தலைகீழாக்கி, 1ஐ அதனால் வகுத்து, வரைதாளில் போட்டுப் பாருங்கள். வேகம் 2 என்றால் 0.5, பத்து நாள் கழித்து 2.5 என்றால் 0.4, இருபதாம் நாள் 3.3, அதாவது 0.3, முப்பதாம் நாள் 5, அதாவது 0.2. கோட்டை நீட்டினால் ஐம்பதாம் நாள் பூஜ்யத்தைத் தொடுகிறது. எல்லாச் சரிவும் இப்படி ஒழுங்காக நடக்காது. மழை பெய்தால் கோடு வளையும், நின்றால் மீண்டும் நிமிரும். ஆகவே மழைமானியும் அதே மேட்டில் இருக்க வேண்டும். நாற்பதாம் நாளிலாவது ஊரைக் காலி செய்யச் சொல்ல இந்த ஒரு தாள் போதும். பெரும்பாலும் தாள் இருக்கும். எந்த வேகத்துக்கு யார், யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது எழுதப்பட்டிருக்காது.

ஜரியா மறுகுடியேற்றத் திட்டத்துக்கு 2009இல் 7,112 கோடி, 2025 ஜூனில் திருத்தி 5,940 கோடி என்று மத்திய அரசு ஒப்புதல் தந்திருக்கிறது. வீடு கட்டுவது, தீயை அணைப்பது எல்லாம் நடக்கட்டும். சுரங்கம் மூடியதும் லெவல் எடுப்பதும் நிற்கக் கூடாது; பழைய வரைபடத்தை ஊரின் மேல் போட்டுப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். நிருபர்கள் அடுத்த முறை கேட்க வேண்டியவை: அடியில் எந்த ஆழத்தில் வெட்டு, தூணா கோஃபா, வரைபடம் யாரிடம், கடைசியாக லெவல் எடுத்த தேதி என்ன.

அதுவரை அங்கே குடியிருப்பவர்களுக்கு ஒரு கண்ணாடித் துண்டு போதும். சுவர் வெடிப்பின் குறுக்கே, பூச்சை உரித்து, மெல்லிய கண்ணாடிப் பட்டையை இரண்டு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டுங்கள். நடுவில் சிமென்ட் படக் கூடாது. பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். வெயிலில் சுவர் விரியும் என்பதால் தினமும் காலை ஒரே நேரத்தில் பாருங்கள். உடைந்தால் உடைந்த தேதியையும் எழுதி, பழையதை எடுக்காமல் அதன் கீழே இன்னொன்று ஒட்டுங்கள். முதல் பட்டைக்கு மூன்று மாதம், இரண்டாவதற்கு மூன்று வாரம், மூன்றாவதற்கு நான்கு நாள் என்று தேதிகள் நெருங்கினால், நான்காவதை ஒட்ட வேண்டாம், வீட்டைவிட்டு வெளியேறுங்கள்.

இப்படிக்கு,
நிலக்கரிச் சுரங்க நில அளவையாளர்கள் சிலர்,
தன்பாத்.